19,050-இல் 509: துடிக்கும் விண்மீன்களின் பேரேடு

6,389. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் எடுத்த ஒரு வானப் படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தைச் சேர்ந்த சோலன் பெய்லியும் அவர் மனைவியும் 1890களில் எண்ணிக் கூட்டிய தொகை இது. படத்தில் இருந்தது ஓமேகா சென்டாரி என்ற ஒரே ஒரு விண்மீன் கொத்து. இன்றைய மதிப்பீட்டில் அங்கே ஏறக்குறைய 1 கோடி விண்மீன்கள். அதாவது 1,500-க்கும் மேற்பட்டவற்றில் ஒன்றைத்தான் அந்தத் தம்பதி எண்ணியிருக்கிறார்கள். மூட்டையை அவிழ்த்து மேலாக ஒரு கைப்பிடி அரிசி அள்ளி எண்ணிய கதை.

ஆனாலும் இந்தக் கைப்பிடியைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. சூரியன் பால்வெளியில் எந்த மூலையில் குடியிருக்கிறது என்ற விலாசம், இப்படிக் கைப்பிடி கைப்பிடியாக எண்ணியதில் கிடைத்ததுதான். என்ன எண்ணினார்கள், எத்தனை தேறியது, யாருக்கு எவ்வளவு சம்பளம், கணக்கில் எவ்வளவு பிசகு என்று இங்கே வரிசைக்கிரமம் பாராமல் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் இருப்பு. லட்சக்கணக்கான விண்மீன்கள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு உருண்டையாகத் திரண்டிருப்பதைக் கோளக் கொத்து என்கிறோம். கனடாவின் வில்லியம் ஹாரிஸ் தொகுத்த அட்டவணையின் 2010 பதிப்பில் பால்வெளிக்குச் சொந்தமானவை 157. அதன்பின் சில சேர்ந்திருக்கின்றன. அண்டையில் உள்ள ஆன்ட்ரோமீடாவுக்கு 400-க்கு மேல். எம்87 என்ற ராட்சத விண்மீன் திரளுக்கு 12,000 அளவில். நம் 157-ஐயும் ஒன்றாகக் கொட்டினாலும் பால்வெளியின் மொத்த விண்மீன்களில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேறாது. எண்ணிக்கையில் அற்பம், வயதில் யாரும் கிட்ட நிற்க முடியாது. சூரியனுக்கு 460 கோடி ஆண்டு, இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 1,200 முதல் 1,300 கோடி ஆண்டு, பிரபஞ்சத்துக்கே 1,380 கோடி ஆண்டு. நெருக்கமும் அப்படித்தான். சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் 4.24 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அதே அளவு இடத்தில் ஒரு பெரிய கொத்தின் நடுவே ஆயிரக்கணக்கில் அடைந்து கிடக்கும்.

இந்த நெரிசலில் சில விண்மீன்கள் மட்டும் மங்குவதும் பிரகாசிப்பதுமாக இருக்கின்றன. அவற்றை மாறொளி விண்மீன்கள் என்போம். பேரேட்டில் முக்கியமான பத்தி இதுதான். 1898 வரை ஹார்வர்டு வானாய்வகம் 23 கொத்துகளில் 19,050 விண்மீன்களைப் பரிசோதித்து, 509 மாறொளி விண்மீன்களைப் பதிவு செய்தது. நூற்றுக்கு 2.7. சராசரி இப்படி இருந்தாலும் பங்கீடு ஒரே சீராக இல்லை. எம்3 கொத்தில் 900-க்கு 132, எம்5-இல் 900-க்கு 85, எம்15-இல் 900-க்கு 51. எம்3-இல் ஏழு விண்மீனுக்கு ஒன்று துடிக்கிறது என்று அப்போது எழுதினார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். எம்3-இல் இன்றைக்குத் தெரிந்த மாறொளி விண்மீன்கள் 274. கொத்தின் மொத்தம் சுமார் 5 லட்சம். கணக்குப் போட்டால் 1,800-க்கு ஒன்றுதான். ஏழுக்கு ஒன்று எப்படி 1,800-க்கு ஒன்று ஆனது? மேலே உள்ள எண் இரண்டு மடங்குதான் ஏறியது. கீழே உள்ள எண் 900-இலிருந்து 5 லட்சத்துக்குப் போய்விட்டது. பழைய படங்களில் பதிந்தவை பிரகாசமான விண்மீன்கள் மட்டுமே. துடிப்பவையும் அந்தப் பிரகாசமான கூட்டத்தில்தான் இருக்கின்றன. இரண்டு விகிதமும் சரி. எதால் வகுத்தார்கள் என்று சொல்லாத விகிதத்தை வானியலில் மட்டுமல்ல, எங்கேயும் நம்பாதீர்கள்.

இதைவிட விநோதமான வரி எம்13-க்கு உரியது. ஹெர்குலிஸ் மண்டலத்தின் புகழ்பெற்ற கொத்து அது. 1974 நவம்பர் 16 அன்று அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து 1,679 துணுக்குகள் கொண்ட செய்தியை அதை நோக்கித்தான் அனுப்பினார்கள். எம்3-க்கும் எம்13-க்கும் வயது கிட்டத்தட்ட ஒன்று. இரண்டிலும் இரும்பின் பங்கு சூரியனில் உள்ளதைப் போல முப்பதில் ஒன்று. உருவத்திலும் அண்ணன் தம்பி. ஆனால் ஆர்ஆர் லைரே என்ற வகை மாறொளி விண்மீன்கள் எம்3-இல் 200-க்கு மேல். எம்13-இல் பத்தைச் சுற்றித்தான்.

காரணத்தில் பாதி தெரியும். ஆர்ஆர் லைரே என்பது முதுமையில் உள்ள விண்மீன். எடை சூரியனில் மூன்றில் இரண்டு பங்கு, ஒளி சூரியனைப் போல 50 மடங்கு. அதன் மேலடுக்கில் உள்ள ஹீலியம், அழுத்தப்படும்போது வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. சோற்றுப் பானையின் மூடியை ஆவி தூக்குவது போல, சேர்ந்த வெப்பம் அடுக்கை வெளியே தள்ளும். விரிந்ததும் வெப்பம் தப்பிவிடும்; மூடி மறுபடி விழும். அரை நாளுக்கு ஒரு தரம் இது நடக்கிறது. ஆனால் மேற்பரப்பு வெப்பம் ஏறக்குறைய 6,000 முதல் 7,500 கெல்வின் வரை இருந்தால்தான் மூடி ஆடும். எம்13-இன் முதிய விண்மீன்கள் அதைத் தாண்டிச் சூடாகி, நீல நிறப் பக்கம் போய்விட்டன. அதனால் துடிப்பதற்கு ஆள் இல்லை. ஏன் ஒரு கொத்தில் மட்டும் இப்படித் தாண்டிப் போயின? வயதில் உள்ள சிறு வித்தியாசமா, ஹீலியத்தின் அளவா என்ற வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது. ‘இரண்டாவது காரணி’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தீர்ப்பு வராத வழக்குக்கு வைத்த கோப்பு எண் மாதிரிதான்.

இனி விலை போடும் முறை. துடிக்கும் விண்மீனால் என்ன லாபம் என்பதற்கு எம்3-ஐயே எடுத்துக்கொள்வோம், பென்சில் போதும். வானியலார் பிரகாசத்துக்கு ஓர் எண் தருவார்கள். எண் ஏற ஏற ஒளி குறையும். 5 எண் ஏறினால் ஒளி நூற்றில் ஒரு பங்கு. எல்லா விண்மீனையும் 32.6 ஒளியாண்டு தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் எந்த எண் வருமோ அதுவே அதன் சொந்த எண். ஆர்ஆர் லைரே வகைக்கு அது ஏறத்தாழ 0.6. எம்3-இல் அவை நமக்குத் தெரிவது சராசரியாக 15.6-இல். வித்தியாசம் 15. ஐந்துக்கு நூறு மடங்கு என்றால் பதினைந்துக்கு 10 லட்சம் மடங்கு மங்கல். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்பதால், 10 லட்சத்துக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 1,000. அதை 32.6-ஆல் பெருக்கினால் 32,600 ஒளியாண்டு. இன்று எல்லா வழியிலும் அளந்து ஏற்றுக்கொண்ட தூரம் 33,000 முதல் 34,000 ஒளியாண்டு. பென்சில் கணக்குக்கு இந்த நெருக்கம் போதாதா?

ஐந்துக்கு நூறு என்ற அந்த விகிதத்தை, அதாவது ஓர் எண்ணுக்கு 2.512 மடங்கு என்பதை, 1856-இல் முன்மொழிந்தவர் நார்மன் பாக்சன். அவர் 1861-இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, 1891-இல் இங்கேயே இறந்தவர். சென்னைக்குக் கப்பல் ஏறுவதற்குச் சில மாதம் முன்பு, 1860 மே 28 அன்று, எம்80 என்ற கோளக் கொத்தைப் பார்த்தவர் அதன் நடுவே புதிதாய் ஒரு விண்மீன் எரிவதைக் கண்டார். ஜெர்மனியின் ஆர்தர் அவர்ஸ் அதை ஒரு வாரம் முந்தி, மே 21 அன்றே கண்டுவிட்டிருந்தார். உச்சத்தில் ஒளி எண் 7. லட்சக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த கொத்துக்கு நிகராக ஒற்றை விண்மீன் எரிந்தது. கோளக் கொத்து ஒன்றில் மனிதர் கண்ட முதல் நோவா அதுதான். சென்னையில் பாக்சனின் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். அது கொத்தில் உள்ளது அல்ல, தனி விண்மீன். ஆனாலும் அவர் பெயரை இந்தப் பேரேட்டின் ஓரத்திலாவது எழுதாமல் விட எனக்கு விருப்பமில்லை.

பெரிய வரவு 1918-இல் வந்தது. கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 60 அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு ஹார்லோ ஷாப்லி 69 கொத்துகளுக்குத் தூரம் போட்டார். எல்லாவற்றிலும் துடிப்பவை கிடைக்கவில்லை. 28 கொத்துகளுக்கு மாறொளி விண்மீன்களையோ மிகப் பிரகாசமான விண்மீன்களையோ வைத்து அளந்தார். மீதி 41-க்கு, பார்வைக்குத் தெரிந்த விட்டத்தை வைத்தே மதிப்பிட்டார். அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தால் இன்னும் பகீர் என்கிறது. எல்லாத் தூரங்களுக்கும் ஆதாரமான அளவுகோல், செபீட் என்ற துடிக்கும் வகையைச் சேர்ந்த வெறும் 11 விண்மீன்களின் நகர்வை வைத்துக் கணித்தது. 11 கல்லின் மேல் 69 மாடி.

மாடி நின்றது. கொத்துகளில் மூன்றில் ஒரு பங்கு, வானத்தின் 2 சதவீதப் பரப்பில், தனுசு மண்டலத்தைச் சுற்றிக் குவிந்திருந்தது. சூரியன் நடுவில் இருந்தால் கொத்துகள் நாலா பக்கமும் சமமாகத் தெரிய வேண்டும். ஒரே பக்கம் குவிந்திருந்தால் நாம்தான் ஓரத்தில் இருக்கிறோம். கல்யாணப் பந்தியில் எல்லாக் கும்பலும் ஒரு திசையில் தெரிந்தால் நாம் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அர்த்தம். அவ்வளவு எளிய வாதம் இது. பால்வெளியின் மையம் தனுசுத் திசையில் 65,000 ஒளியாண்டுக்கு அப்பால் என்று எழுதினார் ஷாப்லி.

திசை சரி, தொகை தப்பு. இன்றைய அளவு 26,700 ஒளியாண்டு. ஷாப்லி எழுதியது இதைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. எங்கே கசிந்தது என்று தணிக்கை செய்யலாம். ஆர்ஆர் லைரே வகையின் சொந்த எண் -0.23 என்று ஷாப்லி வைத்துக்கொண்டார், இன்று 0.6. வித்தியாசம் 0.83. இதனால் மட்டும் தூரம் 1.47 மடங்கு கூடிவிடும். 65,000-ஐ 1.47-ஆல் வகுத்தால் சுமார் 44,000. மீதிப் பிசகில் பெரும்பங்கு தூசிக்கு. நடுவழியில் தூசி ஒளியை விழுங்கினால் விண்மீன் மங்கித் தெரியும். மங்கலைத் தூரம் என்று எழுதிவிடுவோம். தூசி உண்டு என்று ராபர்ட் டிரம்ப்ளர் 1930-இல் நிறுவும்வரை இந்தத் தேய்மானம் யார் பேரேட்டிலும் ஏறவில்லை. பிசகின் கூலி எவ்வளவு என்று சொல்லிவிடுகிறேன்: ஒளி எண்ணில் 0.1 தவறினால் தூரத்தில் 4.7 சதவீதம் தவறும். எம்3-க்கு அது 1,500 ஒளியாண்டு.

செலவுப் பக்கம் வருவோம். ஹார்வர்டு இருக்கும் இடத்திலிருந்து ஓமேகா சென்டாரி தெரியவே தெரியாது. அடிவானத்தை ஒட்டி வந்து போய்விடும். இப்படிப்பட்ட தென்வானப் பொருள்களுக்காகத்தான் பெருவின் அரெகிபாவில் கிளை வைத்தார்கள். காத்தரின் வுல்ஃப் புரூஸ் என்ற சீமாட்டி ஒரு 24 அங்குலத் தொலைநோக்கிக்கு 1889-இல் கொடுத்த நன்கொடை 50,000 டாலர். 1896-இல் அது அரெகிபா போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து கப்பலில் வந்த, வானப் படம் பதிந்த கண்ணாடித் தகடுகளைக் குனிந்து பார்த்து அளந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூலி, மணிக்கு 25 சென்ட். ஹென்ரியட்டா லெவிட்டுக்கு 30 சென்ட், வாரம் 10.50 டாலர், அதாவது 35 மணி நேரம். மெகல்லன் மேகங்களில் 1,777 மாறொளி விண்மீன்களை 1908-இல் பட்டியலிட்டு, 1912-இல் 25 செபீட்களைக் கொண்டு துடிப்பு நேரத்துக்கும் பிரகாசத்துக்கும் உள்ள உறவை எழுதியவர் அவர். ஷாப்லியின் அளவுகோல் அந்த உறவுதான்.

புரூஸ் சீமாட்டியின் 50,000 டாலரை 25 சென்ட் கூலியால் வகுத்துப் பார்த்தேன். 2 லட்சம் மணி நேரம். வாரம் 35 மணி, ஆண்டுக்கு 50 வாரம் என்றால் 114 ஆண்டு. ஒரு தொலைநோக்கியின் விலைக்கு ஒரு பெண் 114 ஆண்டு குனிந்து உட்கார வேண்டும்.

வில்லியமினா ஃப்ளெமிங் ஹார்வர்டு வானாய்வக இயக்குநரின் வீட்டில் வேலைக்காரியாக இருந்து, பிறகு வானாய்வகத்தின் தூணாக ஆனவர். ஓமேகா சென்டாரியில் முதல் மாறொளி விண்மீனைக் கண்டவர். ஆர்ஆர் லைரே வகைக்கே பெயர் தந்த, 13 மணி 36 நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கும் ஆர்ஆர் லைரே விண்மீனும் அவர் கண்டதுதான். 1900-இல் தன் நாட்குறிப்பில் அவர் எழுதிய கணக்கு: தனக்கு ஆண்டுக்கு 1,500 டாலர், ஆண் உதவியாளர்களுக்கு 2,500. அந்த 1,000 டாலர் வித்தியாசத்தை எந்தத் தூசியின் மீதும் போட முடியாது. பெய்லி பின்னாளில் கொத்துகளுக்கு வெளியிட்ட பெரிய அட்டவணைகளில் ஈவ்லின் லீலாண்ட், ஐடா வுட்ஸ் ஆகியோரின் உழைப்பு உண்டு. அந்தப் பெயர்களைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த பேரேட்டை எழுதியவருக்குத் தொடக்கத்தில் சம்பளமே இல்லை. கனடாவின் விக்டோரியா வானாய்வகத்தில் 1931-இல் வேலை கிடைத்தது கணவர் ஃபிராங்க் ஹாக்குக்கு. மனைவி ஹெலன் சாயர் ஹாக், அவருடைய ‘உதவியாள்’ என்ற பெயரில் 72 அங்குலத் தொலைநோக்கியில் கொத்துகளைப் படமெடுத்தார். கைக்குழந்தை கூடையில், கூடை தொலைநோக்கியின் பக்கத்தில். இயக்குநர் தேடிப் பிடித்துக் கொடுத்த உதவித்தொகை 200 டாலர். அதில் வீட்டு வேலைக்கு ஆள் வைத்துவிட்டு இரவுகளில் வானம் பார்த்தார். 1939-இல் அவர் வெளியிட்ட முதல் அட்டவணையில் கொத்துகளின் மாறொளி விண்மீன்கள் 1,116. 1955-இல் 1,421. 1973-இல் 2,119. அவர் வழியில் டொரன்டோவின் கிறிஸ்டின் கிளெமென்ட் குழு 2001-இல் எண்ணியபோது சுமார் 3,000.

1898-இன் 509-இலிருந்து தொடங்கி, ஆண்டுக்கு எத்தனை புதிதாகச் சேர்ந்தன என்று வகுத்தால் 15, 19, 39, 31 என்று வருகிறது. கணினி வந்து, மின்னணுக் கேமரா வந்து, வேகம் தாவியிருக்க வேண்டாமா? தாவவில்லை. காரணம் நெரிசல். கொத்தின் நடுவில் ஒரு விண்மீன் மங்கினாலும் பக்கத்து விண்மீன்களின் ஒளி அதை மூடிவிடும். இரு படங்களைத் துல்லியமாகப் பொருத்தி ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும் முறை 1990களின் கடைசியில்தான் பக்குவப்பட்டது. கழித்தால் மாறாதவை மறைந்து, மாறியவை மட்டும் மிஞ்சும். லடாக்கின் ஹன்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியில் பெங்களூரு வானியலாரும் மெக்சிகோ வானியலாரும் சேர்ந்து எம்53 முதலிய கொத்துகளில் செய்தது இந்தக் கழித்தல்தான்.

2001 பேரேட்டின் உட்பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. துடிப்பு நேரம் தெரிந்தவை சுமார் 2,200. அதில் ஆர்ஆர் லைரே 1,800. ஒன்றையொன்று மறைக்கும் இரட்டைகள் 100. எஸ்எக்ஸ் ஃபீனிசிஸ் என்ற குட்டித் துடிப்பிகள் 120. செபீட் இனம் 60. சிவப்பு விண்மீன்கள் 120. கூட்டிப் பாருங்கள், சரியாக இருக்கிறது. மீதி 800 பேர் பெயர் பதிந்தும் கணக்கு முடியாதவர்கள்.

பெய்லி காலத்து அந்தப் பழைய தகடுகள் இன்னும் வரவு வைத்துக்கொண்டிருக்கின்றன. எம்3-இல் அரை நாளுக்குச் சற்று மேலாக, 0.55 நாளுக்கு ஒருமுறை துடிக்கும் விண்மீன் 125 ஆண்டில் ஏறக்குறைய 83,000 தரம் துடித்திருக்கும். துடிப்பு நேரத்தை ஒரு விநாடி தவறாகக் கணித்திருந்தால் இன்றைக்கு 83,000 விநாடி, 23 மணி நேரம் தப்பியிருக்கும். முதியவை மெல்ல மாறும் வேகத்தைப் பிடிக்க இந்த நீளமான கயிறு வேண்டும். அதன் மறுமுனை 25 சென்ட் கூலியில் கட்டியது.

செலவின் இன்னொரு முனையில் கையா விண்கலம். ஐரோப்பியர்கள் 2013 டிசம்பரில் ஏவினார்கள்; செலவு சுமார் 74 கோடி யூரோ. 2022-இல் வெளியிட்ட மூன்றாம் பட்டியலில் 181 கோடி விண்பொருள்கள். தலைக்கு 41 யூரோ சென்ட். ஆர்ஆர் லைரே மட்டும் 2,70,905. மலைத்துப்போக வேண்டாம்: அவற்றில் கோளக் கொத்துகளுக்கு உரியவை 1,676, அதுவும் 95 கொத்துகளில். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நெரிசல் கையாவையும் திணறடித்துவிட்டது.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் கணக்கில் ஒரு பூஜ்யம் இருக்கிறது. 1999 ஜூலையில் 47 டுகானே கொத்தை 8.3 நாள் பார்த்து, 34,000 விண்மீன்களின் ஒளியைத் தொடர்ந்து அளந்தார்கள். கோள் குறுக்கே போனால் ஒளி துளி குறையுமே, அதைப் பிடிக்க. சூரியன் பக்கத்து வழக்கம் அங்கேயும் இருந்தால் 17 கோள்கள் சிக்கியிருக்க வேண்டும். சிக்கியது 0. ஆனால் அதே தரவில் நூற்றுக்கு மேற்பட்ட மாறொளி விண்மீன்கள் கிடைத்தன. கோளுக்கு வலை போட்டார்கள், துடிப்பு விழுந்தது.

மே மாதக் கடைசி வாரத்தில் இரவு 9 மணிக்கு மொட்டை மாடியில் நின்று நேர் தெற்கே பாருங்கள். கையை நீட்டி, அடிவானத்திலிருந்து மூன்று கைப்பிடி உயரம். தெருவிளக்கு இல்லாத இடமாக இருந்தால், துடைத்துவிட்டது போல மங்கலாக ஒரு புள்ளி தெரியும். பைனாகுலர் இருந்தால் பஞ்சுருண்டை. துடிப்பு தெரியாது, அதற்குத் தொலைநோக்கியும் கேமராவும் பல இரவுகளும் வேண்டும். அதுதான் ஓமேகா சென்டாரி. சென்னையில் அது 29 பாகை ஏறும், கன்னியாகுமரியில் 34. ஹார்வர்டில் பூஜ்யம்.